சைலன்சர் இறங்குகிறது, கையோடு கையாக வேறு என்ன பார்க்கலாம்? (பாக்ஸ்டர் 987, கும்பகோணம்)

#1 காவிரிக்கரை987, கும்பகோணம்

வண்டி 2008 போர்ஷே பாக்ஸ்டர், 2.7 லிட்டர், மேனுவல் கியர். பிஒய்-02 நம்பர் (காரைக்கால் பதிவு), நான் மூன்றாவது ஓனர், மீட்டரில் 61,000 கிலோமீட்டர். எனக்கு முன்னால் வைத்திருந்த இரண்டு பேரும் கடலோரத்துக்காரர்கள். ஷெட்டுக்குள் நிறுத்தினாலும் உப்புக்காற்று விடாது என்பது வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாலே தெரிகிறது.

பொங்கலுக்கு அப்புறம் ஒரு சத்தம் ஆரம்பித்தது. ஐடிலில் நின்றால் உண்டியலைக் குலுக்குவது போல. ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்தோம்: சைலன்சர் சலசலக்கிறது, ஒரு பக்கத்து கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி, சுருக்கமாக 'கேட்') அதைவிட அதிகமாகச் சலசலக்கிறது. அதே பக்கம் ஹெட்டர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுவரும் முதல் குழாய்) பேக்கிங் ஓரத்தில் கறுப்பாகப் புகைத்தடம். போல்ட் தலைகள் அறுகோணமாக இல்லை, அதிரசம் மாதிரி உப்பியிருக்கின்றன.

மைத்துனர் வெளிநாட்டிலிருந்து வரும்போது புதுச் சைலன்சர், இரண்டு கேட், பேக்கிங் செட் எல்லாம் கொண்டுவந்துவிட்டார். வேலை நண்பரின் பட்டறையில், ரேம்ப் இருக்கிறது. மறுபடி இதே இடத்தைத் திறக்க எனக்குத் தெம்பும் இல்லை, பணமும் இல்லை. எக்ஸாஸ்ட் முழுக்கக் கீழே இறங்கியிருக்கும்போது வேறு எதையெல்லாம் முடித்துவிடலாம்?

#2 துபாய்_திருவாரூர்

வாழ்த்துகள் நண்பரே! நான் சொல்வேன், ஒரே அடியாக முடித்துவிடுங்கள். கிளட்ச், பின்பக்க ஆயில் சீல், ஐஎம்எஸ் பேரிங் (எஞ்சினுக்குள் இடைத்தண்டைத் தாங்குவது), வாட்டர் பம்ப், எஞ்சின் மவுண்ட், கியர் ஆயில், பிளக், காயில். இறங்கினது இறங்கியாச்சு.

#3 பட்டறைப்பையன், தஞ்சாவூர்

இரண்டாவது பதிவு போட்ட அண்ணன் கோபிக்க வேண்டாம். கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்புவதற்கு முதல் காரணமே இந்த மாதிரிப் பட்டியல்தான்.

கிளட்ச் வேண்டுமென்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அது தனி வேலை, தனி நாள். கிளட்ச் வழுக்கவில்லை என்றால் எதற்கு? ஐஎம்எஸ் பேரிங் பயம் எல்லாருக்கும் உண்டு. ஆனால் 2006 முதல் 2008 வரை வந்த எஞ்சினில் இருப்பது பெரிய பேரிங். எஞ்சின் பிளாக்கை இரண்டாகப் பிரிக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. பழைய மாடலுக்கு எழுதியதைப் படித்துவிட்டு இந்த வண்டிக்குப் பேசக் கூடாது. வாட்டர் பம்ப் இருப்பது எஞ்சினின் முன்பக்கம், சீட்டுக்குப் பின்னால் உள்ள மூடியைத் திறந்து கை விடும் இடம். எக்ஸாஸ்ட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

நான் பார்க்கும் கணக்கு ஒன்றுதான்: எக்ஸாஸ்ட் குழாய் எதை மறைக்கிறதோ, எதைச் சுடுகிறதோ, அதை மட்டும் இப்போது பாருங்கள். மறைப்பதும் சுடுவதும் இந்த வண்டியில் கொஞ்சமில்லை. பிளக்கும் இக்னிஷன் காயிலும் ஹெட்டருக்கு மேலேயே இருக்கின்றன. ஆக்சில் பூட் (ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை) பக்கத்தில். கியர்பாக்ஸும் அதன் மவுண்ட்டும் சைலன்சருக்கு முன்னால். ஆக்சிஜன் சென்சார் நான்கும் குழாயிலேயே.

இன்னொன்று. அந்த கேட் ஏன் உடைந்தது என்று யாராவது கேட்டீர்களா? ஸ்கேனர் போட்டீர்களா அண்ணே?

#4 காவிரிக்கரை987, கும்பகோணம்

போட்டேன். பி0430 நிற்கிறது, அதாவது இரண்டாவது பேங்க் (எஞ்சினின் ஒரு பக்கத்து சிலிண்டர் வரிசை) கேட் சரியாக வேலை செய்யவில்லை. அதை அழித்துவிட்டுச் சுவாமிமலை வரை ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் பி0304 வந்திருந்தது. மழைக்காலத்தில் காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு நிமிடம் வண்டி நடுங்கும், அப்புறம் சரியாகிவிடும். ஈரம் என்று விட்டுவிட்டேன்.

#5 பட்டறைப்பையன், தஞ்சாவூர்

ஆளைப் பிடித்துவிட்டோம். பி0304 என்றால் நாலாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். இந்த எஞ்சினில் 4, 5, 6 மூன்றும் இரண்டாவது பேங்க். உங்கள் உடைந்த கேட்டும் அதே பேங்க்.

பொறி விழாத சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோல் காற்றோடு சேர்ந்து நேராக எக்ஸாஸ்ட்டுக்குள் போகிறது. கேட் உள்ளே இருப்பது தேன்கூடு மாதிரி பீங்கான் கட்டி, அதன் மேல் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் பூச்சு. பெட்ரோல் அங்கே போய் எரிந்தால் பீங்கான் தாங்காது, வெடித்து உதிரும், ரொம்ப நாள் விட்டால் உருகிக் கட்டியாகிவிடும். உதிர்ந்த துண்டுதான் உங்கள் உண்டியல் சில்லறை. அந்தத் துண்டுகளில் சில சைலன்சருக்குள்ளும் போயிருக்கும்.

பழைய காயிலை வைத்துக்கொண்டு புது கேட் மாட்டினால் அடுத்த ஐப்பசி மழைக்கு அதுவும் போய்விடும். ஆக உங்கள் வண்டிக்கு முதல் வேலை எக்ஸாஸ்ட்டே இல்லை, பிளக்கும் காயிலும். ஆறு காயிலையும் வெளியே எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பிளாஸ்டிக் உடம்பைப் பாருங்கள். சூட்டில் மயிர் போல விரிசல் விட்டிருக்கும், ஈரம் அதற்குள் இறங்கும், பொறி வழி தவறும். பிளக் குழியில் எண்ணெய் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பிளக் டியூபின் ரப்பர் வளையங்கள் போயிருக்கின்றன. குழாய் கழன்றிருக்கும்போது அதை மாற்றுவது விளையாட்டு. மாட்டியபின் மாற்றுவது தவம்.

பிளக்கை எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே திருப்புங்கள். ஹெட் அலுமினியம், சூட்டில் இழுத்தால் மரையோடு வரும். மாட்டும்போது 30 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சில். கை அளவு என்று சொல்கிறவர்களின் கை ஒரே அளவில் இருப்பதில்லை.

#6 காரைக்கால்_கடலோரம்

கடலோரத்துக்காரன் என்ற முறையில் போல்ட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வேலையில் முக்கால் நாள் அதற்குத்தான் போகப்போகிறது.

ஹெட்டர் ஒன்றுக்கு 6 போல்ட், இரண்டு பக்கமும் சேர்த்து 12. இரும்பு போல்ட், அலுமினிய ஹெட், நடுவில் பதினைந்து வருடத்து உப்பு. போல்ட் உடையுமா என்று யோசிக்காதீர்கள், எத்தனை உடையும் என்று யோசித்துக்கொண்டு போங்கள். மூன்று நாள் முன்னாலிருந்தே காலையும் மாலையும் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். மண்ணெண்ணெய் போதும் என்பார்கள், ஓரளவுக்குத்தான். கழற்றும் நாளில் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, கை வைக்கும் சூட்டுக்கு ஆறியதும் தொடங்குங்கள். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி கொஞ்சம் தளரும். எடுத்தவுடன் கழற்றும் பக்கம் திருப்பாமல் ஒரு மயிரிழை இறுக்கும் பக்கம் கொடுங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தால் துரு விட்டுவிட்டது. அப்புறம் கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி. போல்ட் பஞ்சு மாதிரி மெத்தென்று திரும்பினால் நிறுத்திவிடுங்கள், அது முறுக்கிக்கொண்டிருக்கிறது.

அவசரப்படுகிற ஆளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். என் பழைய வண்டியில் ஒருவர் நீளக் குழாயை ஸ்பேனரில் சொருகி இழுத்து ஒரே மத்தியானத்தில் ஐந்து போல்ட்டை உடைத்தார். அப்புறம் சாப்பிடப் போனவர் சாயங்காலம்தான் வந்தார்.

#7 வெண்ணாற்றுவாசி, நீடாமங்கலம்

எல்லாரும் எஞ்சினையே பார்க்கிறீர்கள். நம் ஊர் சமாச்சாரம் ஒன்று இருக்கிறது.

தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்தால் எங்கள் பக்கம் ரோடுதான் களம். வைக்கோலை அப்படியே தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள், போகிற வண்டி மிதித்துக் கொடுக்கும். லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஒன்றுமில்லை. தரையோடு தரையாகப் போகும் உங்கள் வண்டி? வைக்கோல் சுருண்டு அடித்தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் போய் உட்காரும். காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள் என்று கார் கம்பெனிகள் கையேட்டிலேயே எழுதுவது இதற்குத்தான், கேட் அவ்வளவு சுடும்.

குழாயை இறக்கியதும் ஹீட் ஷீல்ட் தகடுகளைக் கழற்றி அவற்றின் முதுகுப்பக்கத்தைப் பாருங்கள். கீழிருந்து டார்ச் அடித்தால் தெரியாது. என் சொந்த அனுபவம் காருக்கு இல்லை, வேனுக்கு: ஒருநாள் மன்னார்குடி போய்விட்டு வந்து நிறுத்தினால் அடியில் புகை. அரைக்கூடை கருகிய வைக்கோல் எடுத்தோம். நெல் அவிக்கிற வாசனை என்று நினைத்துக்கொண்டே ஐந்து கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன்.

#8 மன்னை_மைலேஜ்

ஒரு சின்னக் கேள்வி. இவ்வளவு செலவு செய்வதற்குப் பதில் கேட் இரண்டையும் எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டால் என்ன? சத்தமும் கெத்தாக இருக்கும், பவரும் ஏறும்.

#9 காரைக்கால்_கடலோரம்

ஏறும் பவர் உங்கள் கால் உணராத அளவு. இறங்கும் பணம் நன்றாகவே உணரும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. சத்தம், புகை வரம்பு மீறினால் 190(2): 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசன்சையும் 3 மாதம் நிறுத்தலாம். புகைச் சான்றிதழ் நேரத்தில் வேறு நிற்க வேண்டும். அக்ரஹாரத் தெருவில் விடியற்காலை நாலரைக்கு அந்த வண்டியை ஸ்டார்ட் செய்து பாருங்கள், சட்டம் வருமுன் மாமிகள் வந்துவிடுவார்கள்.

#10 காவிரிக்கரை987, கும்பகோணம்

நேற்றும் இன்றும் வேலை நடந்தது. நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் அடியில் குறுக்கே போகும் அலுமினியத் தாங்கு கம்பிகளையும் தகட்டையும் கழற்றினோம். எந்த போல்ட் எங்கே என்று ஒரு அட்டையில் படம் வரைந்து அதிலேயே குத்தி வைத்தோம், நீளம் வேறு வேறாக இருக்கிறது. 12 ஹெட்டர் போல்ட்டில் 10 வந்தன. இரண்டு உடைந்தன. ஒன்று கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. ஆர்கான் வெல்டிங் செய்கிறவரை வரவழைத்து, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, மொட்டைத் தண்டின் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளுக்குள் வெல்டிங் வைத்தார். ஆறியதும் ஸ்பேனர் போட்டால் வெண்ணெய் மாதிரி வந்துவிட்டது. வெல்டிங் சூட்டிலேயே துரு விட்டுவிடுகிறதாம். இன்னொன்று ஹெட்டோடு மட்டமாக உடைந்ததால் நடுவில் துளை போட்டு எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு மட்டும் மூன்று மணி நேரம். துளை கோணினால் அலுமினியம் போச்சு என்பதால் ஹெட்டர் ஃபிளேஞ்சையே (போல்ட் துளை உள்ள விளிம்பு) வழிகாட்டித் தகடாக வைத்து, அதில் புஷ் சொருகி, நேராகத் துளைத்தார். எந்த ஐடிஐயில் படித்தார் என்று கேட்டேன். குத்துவிளக்கு வார்க்கும் பட்டறையில் இருந்தவராம்.

வெண்ணாற்றுவாசி ஐயா, உங்களுக்கு ஒரு கும்பிடு. ஹீட் ஷீல்டுக்கு மேலே வைக்கோல் இருந்தது. அது ரோட்டு வைக்கோல் மட்டுமில்லை, எலிக்கூடு. வைக்கோல், நெல் உமி, ஒரு முறுக்குப் பொட்டலத்துக் காகிதம், எங்கள் வீட்டுத் தலையணைப் பஞ்சு. பக்கத்தில் போகும் சென்சார் வயரின் மேல்தோலைக் கடித்து வைத்திருந்தது. செம்பு தெரிந்தது, அறுபடவில்லை.

காயில்: ஆறில் நான்கில் விரிசல். நாலாவது சிலிண்டர் காயிலில் நகம் மாட்டும் அளவுக்கு. அதே குழியில் எண்ணெய் ஈரம். பட்டறைப்பையன் தம்பி சொன்னது அச்சு அசல். ஆறு காயில், ஆறு பிளக், டியூப் வளையங்கள் மொத்தமும் மாற்றுகிறோம்.

இடப்பக்க ஆக்சிலின் உள் பூட் மடிப்பில் கிழிந்து, கிரீஸ் சுற்றிலும் விசிறியடித்திருக்கிறது. ஜாயின்ட்டில் மணல் போகவில்லை, ஆட்டமும் இல்லை.

இப்போது கேள்விகள். ஆக்சிஜன் சென்சார் நான்கையும் மாற்றவா? கியர் ஆயில்? எஞ்சின் மவுண்ட்டை எப்படிப் பார்ப்பது?

#11 பட்டறைப்பையன், தஞ்சாவூர்

பூட் கிழிந்தது கண்ணில் பட்டது அதிர்ஷ்டம் அண்ணே. இப்போது பூட்டும் கிரீஸும் மட்டும்தான் செலவு. ஒரு மழை கடந்திருந்தால் ஜாயின்ட்டே போயிருக்கும். பழைய கிரீஸை முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள், கலக்க வேண்டாம்.

சென்சார்: கேட்டுக்கு முன்னால் இருப்பவை இரண்டும்தான் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கின்றன. 2008இலிருந்து மாற்றவே இல்லை என்றால் அந்த இரண்டையும் மாற்றுங்கள். பின்னால் உள்ளவை கேட்டைக் கண்காணிப்பவை, ஸ்கேனரில் ஒழுங்காக அசைந்தால் விட்டுவிடலாம். ஆனால் நான்கையும் இப்போதே பழைய குழாயிலிருந்து கழற்றிப் புதுக் குழாயில் மாட்டியாக வேண்டும் என்பதால் மரை நன்றாக இருக்கிறதா பாருங்கள். சூடு தாங்கும் கிரீஸ் மரைக்கு மட்டும், முனையில் ஒரு பொட்டுக்கூடப் படக் கூடாது. சிலிக்கான் பேஸ்ட்டை எந்த இணைப்பிலும் தடவவே தடவாதீர்கள், அதன் ஆவி சென்சாரைக் கொன்றுவிடும். எலி கடித்த வயருக்கு இன்சுலேஷன் டேப் போதாது, சூட்டில் பசை இளகி ஓடும். அந்தச் சூடு தாங்கும் ஸ்லீவ் போட்டுப் பழைய வழியிலேயே கிளிப்பில் மாட்டுங்கள்.

கியர் ஆயிலை மாற்றுங்கள், இதைவிட வசதியான நேரம் வராது. ஒரே ஒரு விதி: ஊற்றும் மூடியை முதலில் திறங்கள், அது திறந்த பிறகே வடிக்கும் மூடியில் கை வையுங்கள். வடித்துவிட்டு மேல் மூடி திறக்கவில்லை என்றால் வண்டி ரேம்ப்பிலேயே குடித்தனம் நடத்தும். கையேடு சொல்கிற தரத்து ஆயில்தான், கடைக்காரர் 'இதுவும் அதேதான்' என்று கொடுப்பது வேண்டாம். உள்ளே இருக்கும் சின்க்ரோ வளையங்களின் (கியர் விழ உதவுபவை) பித்தளைக்கு ஒத்துவராத ஆயிலும் அதே டப்பா நிறத்தில் வரும்.

மவுண்ட்: எஞ்சினுக்கு முன்னால் ஒன்று, கியர்பாக்ஸ் பக்கம் இரண்டு. கட்டை வைத்து ஜாக்கியால் லேசாகத் தூக்கி இறக்குங்கள். ரப்பர் கிழிந்து வாயைப் பிளந்தால் மாற்றுங்கள், மேலோட்டமான வெடிப்பு என்றால் விடுங்கள். இந்த வண்டியில் சைலன்சர் கியர்பாக்ஸோடு சேர்ந்து ஆடுகிறது. மவுண்ட் தொய்ந்தால் புதுச் சைலன்சரின் முனை பம்பரில் இடிக்கும்.

#12 துபாய்_திருவாரூர்

சரி, நான் தோற்றேன். இருந்தாலும் பின்பக்க ஆயில் சீலை ஒருமுறை பாருங்கள் என்பதை மட்டும் விட மாட்டேன். மாற்றச் சொல்லவில்லை, பார்க்கச் சொல்கிறேன்.

#13 பட்டறைப்பையன், தஞ்சாவூர்

அது நல்ல யோசனை அண்ணே, நான்தான் விட்டுவிட்டேன். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தைத் துடைத்துவிட்டு, வேலை முடிந்து நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் பாருங்கள். ஈரம் மட்டும் என்றால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கிளட்ச் மாற்றும் நாளில் சேர்த்துச் செய்யலாம். சொட்டினால் அப்போது பேசலாம்.

#14 காரைக்கால்_கடலோரம்

மாட்டும்போது: புது போல்ட், புது பேக்கிங், பழையதில் ஒன்றுகூட வேண்டாம். எல்லா இணைப்பையும் விரல் இறுக்கத்தில் தொங்கவிட்டு, பின்முனை இரண்டும் பம்பர் துளையின் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, அப்புறம் எஞ்சின் பக்கத்திலிருந்து பின்னோக்கி இறுக்கிக்கொண்டு வாருங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் புதுக்குழாயைத் தின்னரால் துடையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கைரேகை எவர்சில்வரில் நிரந்தரமாகச் சுட்டுப் பதிந்துவிடும்.

கசிவு பார்க்க: வேக்கூம் கிளீனரின் ஊதும் பக்கத்தைப் பின்முனையில் வைத்து, மற்ற முனையைத் துணியால் அடைத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். சென்சாருக்கு முன்னால் சின்ன ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபடும். கம்ப்யூட்டர் பெட்ரோல் குறைவு என்று நினைத்துக்கொண்டு கூடுதலாக ஊற்றும்.

அப்புறம் பழைய கேட் இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள். உடைந்ததிலும் பிளாட்டினம் இருக்கிறது. விஷயம் தெரிந்தவர்களிடம் நல்ல விலைக்குப் போகும்.

#15 காவிரிக்கரை987, கும்பகோணம்

முடிந்தது. மவுண்ட் மூன்றும் நன்றாக இருந்ததால் கை வைக்கவில்லை. முன் சென்சார் இரண்டு மட்டும் மாற்றினோம். சோப்புத் தண்ணீரில் ஒரு ஃபிளேஞ்ச் மட்டும் குமிழி விட்டது, தளர்த்தி மறுபடி உட்காரவைத்ததும் நின்றது. தாங்கு கம்பிகளை எல்லாம் மாட்டிவிட்டுத்தான் ரேம்ப்பிலிருந்து இறக்கினோம். அட்டையில் ஒரு போல்ட்கூட மிச்சமில்லை. நண்பர் தன் பட்டறையில் இதுவே முதல்முறை என்கிறார்.

இன்று மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடி போய் வந்தேன். கோட்டை பக்கம் நிறுத்தி ஒரு டீ. ஐடிலில் உண்டியல் சத்தம் இல்லை, பழைய நடுக்கமும் இல்லை. ஸ்கேனரில் எரர் கோடு எதுவும் வரவில்லை. குழாய் ஹெட்டர் பக்கத்தில் வைக்கோல் நிறத்துக்கு மாறியிருக்கிறது, அழகாகத்தான் இருக்கிறது. திரும்பும்போது ஆறினதும் போல்ட்டுகளை ஒருமுறை சரிபார்த்தேன், எதுவும் தளரவில்லை. எஞ்சின், கியர்பாக்ஸ் சேருமிடத்தில் லேசான ஈரம், சொட்டு இல்லை. நோட்டில் எழுதிவிட்டேன். ரோட்டில் வைக்கோல் கண்ட இடத்திலெல்லாம் காத்திருந்து, எதிர்வண்டி போனதும் ஓரமாக ஒதுங்கித்தான் போனேன். ஒரு பாட்டி 'மிதிச்சுட்டுப் போப்பா' என்று திட்டினார்.

ஷெட்டில் எலிப்பொறி வைத்தாயிற்று.

கடலோரம் அண்ணே, கேட் பற்றி நீங்கள் எழுதியதை இப்போதுதான் பார்க்கிறேன். நேற்று மத்தியானம் அம்மா அந்த இரண்டையும் பழைய சைலன்சரோடு சேர்த்து இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். இரண்டு பிளாஸ்டிக் குடமும் ஒரு முறமும் வந்திருக்கின்றன.

#16 வெண்ணாற்றுவாசி, நீடாமங்கலம்

எங்கள் காலத்தில் பேரீச்சம்பழமாவது கொடுப்பார்கள்.

#17 காரைக்கால்_கடலோரம்

அந்த இரும்புக்காரர் எந்தத் தெரு?